துணியைத் தொடக்கூடாத லைட்மேன்

திண்டிவனம் தாண்டவராயனுக்குக் கை சும்மா இருக்காது. பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரருக்குத் தண்ணீர் ஊற்றுவான். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் யாரும் கேட்காமலே அடுத்தவர் மூட்டையை மேலே ஏற்றிக் கொடுப்பான். கோடம்பாக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் அவனும் விழுப்புரத்துக்காரனான நானும் லைட்மேன்களாக இருந்தோம். லைட்மேன் என்றால் அங்கே லைட் மட்டுமா? விளக்கைத் தூக்கி வைப்பது, வெளிச்சம் விழக்கூடாத இடத்தில் துணி கட்டி மறைப்பது, கேமரா ட்ராலிக்குத் தண்டவாளம் போட்டுத் தள்ளுவது, கதாநாயகிக்குக் குடை பிடிப்பது, எல்லாம் நாங்கள்தான். தாண்டவராயனுக்கென்றே செய்துவைத்த வேலை அது.

அந்த வேலைதான் அவன் குடும்பத்தில் மண்ணைப் போட்டது. விழுப்புரத்தை ஒட்டிய காணையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடும் தேவநாதன் தன் மகள் கிருஷ்ணவேணியை அவனுக்குக் கொடுத்திருந்தார். "சினிமாவில் உத்தியோகம்" என்று தரகர் சொன்னதை நம்பிக் கொடுத்தார். தலை ஆடிக்குப் பெண்ணை வீட்டுக்கு அழைத்துப் போனவரிடம், பட்டணம் போய்வந்த ஊர்க்காரன் எவனோ, "ஒன் மாப்ள தலையில லைட்டு தூக்கிக்கினு போறாரு, நான் பாத்தேன்" என்று பற்றவைத்துவிட்டான். தலையில் விளக்கு என்றால் காணையில் ஒரே அர்த்தம்தான். கல்யாண ஊர்வலத்தில் காஸ் லைட் சுமக்கிற கூலி.

"உத்தியோகம் புருஷ லட்சணம்னு சொல்லுவாங்க. காஸ் லைட்டு இன்னா லட்சணம்?" என்றார் தேவநாதன். அவர் மூட்டை தூக்கினால் விவசாயம், மாப்பிள்ளை விளக்குத் தூக்கினால் கூலி! இந்த நியாயத்தை அவரிடம் யார் கேட்பது? ஆடி போய் ஆவணி வந்தது, தை வந்தது, மறு ஆடியும் வந்தது. பெண் வரவில்லை. தாண்டவராயன் இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினான். அவன் மற்றபடி அழுகிற ஆள் இல்லை. அந்த வருஷம் அழுதான்.

அது அறுபத்து மூன்றாம் வருஷம். காணைப் பக்கம் கெடாரைத் தாண்டி இருக்கும் பாறைக்குன்றில் வெள்ளைக்காரர்கள் சினிமாப் படம் எடுக்க வந்தார்கள். எங்களில் சிலரைக் கூடமாட வேலைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே போனபிறகுதான் உலகத்தில் விளக்குக்கு ஒரு சாதி, துணிக்கு ஒரு சாதி உண்டு என்று தெரிந்தது. விளக்குக்காரன் விளக்கையும் ஒயரையும் மட்டும் தொட வேண்டும். அந்த விளக்குக்கு முன்னால் துணி பிடிப்பவன் வேறு ஆள், அவனுக்கு 'கிரிப்' என்று பெயர். ட்ராலி தள்ளுவதும் அவன் கூட்டம்தான். தாண்டவராயனை விளக்குப் பக்கம் போட்டார்கள், என்னைத் துணிப் பக்கம்.

அந்த வெள்ளைக்காரர்களுக்குள்ளேயாவது ஒற்றுமை உண்டா என்றால் அதுவும் இல்லை. விளக்குக்குத் தலைவர் லண்டன்காரர். "எங்கள் ஊரில் துணியும் விளக்குக்காரன் பாடுதான், கிரிப் கேமராவைத் தாங்குவதோடு சரி" என்றார் அவர். துணிக்குத் தலைவர் அமெரிக்கர். "என் துணியில் கை வைத்துப் பார்" என்றார் இவர். முதல் நாள் முழுக்க சண்டையிலேயே போயிற்று. பணம் அமெரிக்கப் பணம் என்பதால் கடைசியில் சட்டமும் அமெரிக்கச் சட்டமாயிற்று.

தாண்டவராயனுக்கு ஓர் ஆர்க் லைட்டைக் கொடுத்தார்கள். உள்ளே எரியும் கரிக்குச்சி தேயத் தேய அதை நகர்த்திவிட வேண்டும். குச்சியைப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று ஒரு கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தார்கள். அவ்வளவுதான் வேலை. பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, எதிரே வெள்ளைக்காரர்களும் நானுமாக நான்கு பேர் துணியை இழுத்துக் கட்டிய சட்டத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து அவன் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருப்பான்.

"வீரமுத்து, ஒரு முடிச்சாவது போட வுடுடா. கை நமைக்குதுடா."

"தொட்டா, அந்த அமெரிக்காக்காரன் ரெண்டு பேரையும் தொரத்திடுவான். கம்முனு உக்காரு."

இந்த நிலைமையில்தான் தேவநாதனிடமிருந்து ஆள் வந்து சொன்னான். மாப்பிள்ளை வேலையைக் கண்ணால் பார்க்க வருகிறாராம், பார்த்துவிட்டு ஒரே முடிவாகச் சொல்லிவிடுவாராம். மறுநாள் காலையில் மாட்டுவண்டியும் வந்தது. கிருஷ்ணவேணியும் கூட வந்திருந்தாள். தாண்டவராயனுக்கு எழுந்து போய்ப் பேசக்கூட வழியில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தேவநாதன் நின்று பார்த்தார். மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் எதிரே வெள்ளைக்காரர்கள் வேர்க்க விறுவிறுக்கத் துணி தூக்கினார்கள். என்னைப் பிடித்துக் கேட்டார்.

"இன்னாப்பா, அவரு எழுந்து ஒரு கை புடிக்க மாட்டாரா?"

"அவரு இதத் தொடக்கூடாதுங்க. சட்டம் அப்பிடி. நாங்கதான் தூக்கணும்."

"அப்போ நீங்கள்லாம் அவருக்குக் கீழயா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு குடும்பம் சேரட்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாங்க" என்றேன்.

"வெள்ளக்காரனுமா?"

"அவங்களுந்தாங்க."

தேவநாதன் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. உட்கார்ந்த இடத்தில் சம்பளம் என்றால் தாசில்தாருக்கு அடுத்தபடி அல்லவா? "ஆவணி பொறந்ததும் பொண்ண அனுப்பிடறேன்" என்று என்னிடமே சொல்லிவிட்டு, பெரிய துணிச்சட்டத்தின் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். நான் கையை ஆட்டிச் சேதி சொன்னேன். தாண்டவராயன் பெட்டிமேல் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

டீ வந்தது. துணிக் கூட்டம் மொத்தமும் டீ வண்டிக்குப் போயிற்று, நானும் போனேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், துணி எம்மாத்திரம்? ஒரு கயிறு அவிழ்ந்து சட்டம் சாய ஆரம்பித்தது. அதன் அடியில் தேவநாதன் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருந்தார்.

நாங்கள் கத்தினோம், அவ்வளவு தூரத்திலிருந்து கத்தத்தான் முடிந்தது. தாண்டவராயன் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினான். சட்டத்தின் கம்பத்தைக் கட்டிப்பிடித்து, காலால் அடியை உதைத்துக்கொண்டு, கயிற்றைப் பல்லில் கவ்வி இழுத்துக் கட்டினான். சட்டம் நின்றது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஒரு வாரமாகச் சோறு காணாதவனுக்கு விருந்து கிடைத்தது போல இருந்தது.

அமெரிக்கர் ஓடிவந்தார். "விளக்குக்காரன் ஒருத்தன் இதைச் செய்துவிட்டால், நாளைக்குக் கம்பெனிக்காரன் என் ஆட்கள் நாலு பேர் எதற்கு என்று கேட்பான்" என்று குதித்தார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்று எனக்கு இப்போதும் படுகிறது. லண்டன்காரர், "நான் அன்றைக்கே சொன்னேனே, துணி எங்களுடையது" என்று பழைய சண்டையைப் புதுப்பித்தார். படப்பிடிப்பு நின்றுபோயிற்று. மதராஸ் மேனேஜர் சீனுவாசன் வந்து, இருக்கிறவர்களில் யார் எளியவன் என்று பார்த்தார். "தாண்டவராயா, நாளையிலேருந்து நீ வர வேணாம்பா" என்றார்.

தேவநாதன் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"உக்காந்த எடத்துல சம்பளம் வாங்குற உத்தியோகம். ஒரு கயித்தப் புடிச்சி தொலச்சிட்டீங்களே மாப்ள!"

"அது வுழ இருந்தது ஒன் தலமேல, நைனா" என்றாள் கிருஷ்ணவேணி.

"என் தல கெடக்குது. கெளம்பு, வூட்டுக்குப் போலாம்."

"நான் வர்ல."

"இன்னாடி சொல்ற? அவருக்கு இப்போ உத்தியோகமே இல்ல. அதுவும் ஆடி மாசம்!"

"தல ஆடி போன வருசத்தோட போச்சி. வண்டியில வைக்கோலுக்கு அடியில கைய வுட்டுப் பாரு. என் துணி மூட்டை கெடக்குது. காலைல கெளம்பறப்பவே வச்சிட்டேன்."

"அவரு இன்னா வேல செய்றாருன்னு பாக்கறதுக்கு முன்னாடியேவா?"

"வேலையப் பாக்க வந்தது நீ. நான் அவரப் பாக்க வந்தேன்."

தாண்டவராயன் கயிற்றை விடாமல் அப்படியே நின்றான். தேவநாதன் வண்டிக்குப் போய் வைக்கோலைக் கிளறினார். மூட்டையை எடுத்து வந்து, ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, மகளிடம் கொடுத்தார்.