ஊருக்கு அனுப்பும் டூல்

டூல் என்றால் எங்கள் ஊரில் ஸ்பேனர், சம்மட்டி, பைப் ரெஞ்ச். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி நிற்காத தெருவே இல்லை. நான் வீட்டிலிருந்தபடி டூல்களுக்கு விளக்கம் எழுதுகிறேன் என்றால், பக்கத்து வீட்டு அக்கா, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கண்ணு கிரீஸ் வேல?" என்பார். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

விஷயம் இதுதான். வடக்கே போர் போடப் போயிருக்கும் ஆட்கள் ரிக் கம்பெனி ஆபீசுக்குப் போனில் பேசி அனுப்புவதை இப்போது ஒரு ஏஐ ஏஜென்ட் கேட்கிறது. டீசல் சொல்ல, ஸ்பேர் அனுப்ப, ஆளை ஊருக்கு அனுப்ப என்று அதன் கையில் சில டூல்கள், அதாவது அது செய்யக்கூடிய காரியங்கள். எதை எப்போது எடுக்க வேண்டும், எப்போது தொடவே கூடாது என்று அதற்குப் புரியும்படி எழுதித் தருவது என் வேலை. கொழகொழவென்று எழுதினால் கொழகொழவென்றுதான் செய்யும். "டீசல் பற்றிச் சொன்னால்" என்று முதலில் மொட்டையாக எழுதிவிட்டேன். யாரோ சட்டையெல்லாம் டீசல் நாத்தம் என்று புலம்பியதற்குப் பெட்ரோல் பங்கில் ஆர்டர் போட்டுவிட்டது.

என் வீட்டுக்காரரும் அந்த வண்டிகளில் ஒன்றில்தான் டிரில்லர். பொங்கல் முடிந்து மத்தியப் பிரதேசம் போனவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு டம்ளர் அரிசி போட்டால் இரண்டு வேளைக்கு வருகிறது. காலையில் பால்காரரிடம் ஒரு வார்த்தை, அதற்குப் பிறகு நான் பேசுவதெல்லாம் அந்த ஏஜென்டிடம்தான். தனியாக இருப்பது போகப் போகப் பழகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பழகவில்லை.

பங்குனியில் எங்கள் மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டி, பண்டிகையை அறிவித்தார்கள். பூச்சாட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் பண்டிகைக்கு எங்கிருந்தாலும் வந்து சேர்வார்கள். அவரும் வருவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போனில் கேட்டதற்கு என்மேலேயே பாய்ந்தார்.

"ஊர்ல பூச்சாட்டிட்டாங்களாமானு நானும் சாடையாச் சொல்லிப் பாத்தேன் புள்ள. உன்ற மிஷினுக்கு ஒண்ணும் வெளங்கல. வாழ்த்துச் சொல்லுது. எல்லாம் நீ எழுதுன லட்சணந்தான?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, என்மேலேதான். ரிக் வண்டிக்காரன் எவனாவது வாய் திறந்து லீவு கேட்பானா? கேட்டால், "என்னப்பா, பொண்டாட்டி நெனப்பு வந்துருச்சா?" என்று கூட இருப்பவர்கள் ஓட்டித் தள்ளிவிடுவார்கள். அதனால் ஊர்ப் பண்டிகை, ஆடு குட்டி போட்டது, அம்மாவின் முழங்கால் வலி என்று எதையாவது சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். மேனேஜரே போன் எடுத்த காலத்தில் அவர் புரிந்துகொண்டு டிக்கெட் போட்டுவிடுவார். இதெல்லாம் ரிக் வண்டிக்காரன் பெண்டாட்டி எனக்குத் தெரியாதா? பெரிய கலெக்டர் மாதிரி, "பணியாளர் விடுப்பு கேட்டால் மட்டும் பயன்படுத்தவும்" என்று எழுதி வைத்திருந்தேன்.

அன்று மதியம் சோறு ஆறிப்போகும் வரை உட்கார்ந்து மாற்றி எழுதினேன்.

"இவர்கள் விடுப்பை நேரடியாகக் கேட்க மாட்டார்கள். ஊர், வீடு, பண்டிகை என்று பேச்செடுத்தால் வாழ்த்துச் சொல்லாதே. 'ஊருக்குப் போகணுங்களா?' என்று அவரிடம் மட்டும், நேராகக் கேள். போகணும் என்றால் இந்த டூலை எடுத்து டிக்கெட் போடு. வேண்டாம் என்றால் விட்டுவிடு."

பூச்சாட்டிய பிறகு வந்த பேச்சுக்கெல்லாம் ஏஜென்ட் மறுபடி பதில் சொல்ல மேனேஜரிடம் ஏற்பாடு செய்தேன். மனசுக்குள் ஒரே குதியாட்டம். பண்டிகை முடிந்த மறுநாள் கறி எடுக்கலாம், கோழியா ஆடா என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டார்.

"அம்மிணி, இப்பத்தானுங்க மிஷினுக்குப் புத்தி வந்திருக்குது. கேட்டவங்களுக்கெல்லாம் டிக்கெட் போட்டுருச்சுங்க. டிரைவர் ஒருத்தரு அழுதே போட்டாருங்க."

"என்ற ஊட்டுக்காரருக்குங்க?"

"அவரையுங் கேட்டுச்சுங்களே. வேண்டாமுன்னுட்டாருங்க. மழை பேஞ்சு வண்டி நிக்கற வரைக்கும் அங்கயே இருந்துக்கறேன்னு தெளிவாச் சொல்லிப்போட்டாருங்க. ஏனுங், உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"சொன்னாருங்க," என்றேன்.

போனை வைத்துவிட்டு அந்த ஏஜென்டை நன்றாக நாலு வார்த்தை திட்டலாம் என்று பார்த்தேன். அது என்ன தப்பு செய்தது? லீவு கிடைக்கவில்லை என்று என்னிடம் சொன்ன மனுஷன், லீவே வேண்டாம் என்று அதனிடம் சொல்லியிருக்கிறார். ஏன் என்று அது கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நான் எழுதவும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர்மேல் வந்த கோபத்தைவிட அவர் வேண்டும் என்ற ஏக்கம்தான் அப்போதும் அதிகமாக இருந்தது.

டூல் விளக்கத்தை மாற்றினால் ஏஜென்ட் ஒவ்வொருவருக்கும் செய்தது சரியா, தவறா என்று பார்த்து நான் ஆபீசுக்கு எழுதி அனுப்ப வேண்டும். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் பெயர் வந்தது. ஊருக்குப் போக விருப்பமில்லை, டிக்கெட் போடவில்லை என்று இருந்தது. அதற்கு நேரே, சரி என்று எழுதி அனுப்பினேன்.