திருத்தக்கா வெட்டிய வரி

அச்சகத்தில் அவளுக்குத் திருத்தக்கா என்று பெயர். இருபத்தாறு வருடமாகப் பாடப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்துகிறாள். ஒரு கால்புள்ளிகூட அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போக முடியாது. புதிதாகக் கடை திறக்கிறவர்கள் நோட்டீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடுவார்கள். நின்றால் அங்கேயே பேனாவைத் திறந்துவிடுவாள் என்ற பயம். இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி, தன் வீட்டிலிருந்த ஒரு முகத்தை மூன்று வருடமாகத் தப்பும் தவறுமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஆளைவிடச் சிரிப்பு பெரிது. பாதி வழியில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை, வெளியே இருந்தபடியே பேசிப் பேசிச் சிரிக்க வைத்துவிடுவார். கதவு திறந்த பிறகும் சிலர் இறங்க மனமில்லாமல் நின்றார்கள் என்று அவளே அச்சகத்தில் அளந்துவிட்டதுண்டு.

அந்த மனிதர் சிரிப்பை நிறுத்திவிட்டார். மாலையில் வீடு திரும்பியதும், அன்று பிடித்த பிழையை அவருக்குச் சொல்வது அவள் வழக்கம். ‘அரசர் யானை மேல் ஏறினார்’ என்பது ‘அரசர் மேல் யானை ஏறியது’ என்று அச்சுக்குப் போகவிருந்த கதையைச் சொன்னபோது அச்சகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வீட்டில் அதையே சொன்னபோது இவர் சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினாள்.

அதோடு நிற்கவில்லை. தெருவில் நடந்தால் பத்தடி பின்னால் வந்தார். அவர் எழுதித் தரும் சாமான் சீட்டில் எழுத்து மாதத்துக்கு மாதம் சிறுத்துப் போனது. “எனக்கு எழுதறதுன்னா மையைக்கூட மிச்சம் பிடிக்கிறீங்க” என்றாள். எழுத்தையே பார்த்துப் பிழைக்கிறவள் அதையும் தன்மேல் உள்ள வெறுப்புக் கணக்கில்தான் சேர்த்தாள்.

ஒருநாள் வேலையிடத்தில் கை நடுங்கி ஸ்பேனர் நழுவியது. மேற்பார்வையாளர் அவரைப் பக்கத்திலிருந்த டாக்டரிடம் அனுப்பினார். அந்த டாக்டர் கொடுத்த சீட்டை அவர் மேசைமேல் வைத்தார். ‘மூளையில் டோபமைன் குறைவு என்று சந்தேகம். நரம்பியல் மருத்துவரைப் பார்க்கவும்’ என்று இரண்டே வரி.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அறியாத சொல்லா அது? பள்ளி அறிவியல் புத்தகத்தின் கடைசியில் வரும் கலைச்சொல் பட்டியல் அவள் கை பட்டது. ‘டோபமைன்: மகிழ்ச்சி உணர்வைத் தரும் மூளை வேதிப்பொருள்.’ மனப்பாடம். சோப்பு விளம்பரத்திலிருந்து ஐஸ்கிரீம் கடைப் பலகை வரை இன்று ஊரே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. ஆக, இந்த மனிதரிடம் மகிழ்ச்சி இல்லை. ஒரு டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்ததற்கு இதுதான் சான்றிதழா?

மூன்றாம் நாள் காலையில், “நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன். அங்க ஒரு ரூம் காலியா இருக்கு. என்கூட இருந்து நீங்க கஷ்டப்பட வேணாம்” என்றாள்.

அவர், “சரி. உனக்கு எது நல்லதோ அதைச் செய்” என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தடுப்பார் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தாள். அதுவும் போயிற்று.

பெட்டி கட்டியாயிற்று. ஆனால் நரம்பியல் டாக்டரிடம் நேரம் வாங்கியபோது, துணைக்கு யாராவது வந்தே தீர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இதை முடித்துக் கொடுத்துவிட்டு அப்படியே அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவளும் போனாள்.

டாக்டரம்மா அவரை விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார், வராந்தாவில் நடந்துவரச் சொல்லி வெளியே அனுப்பினார். பிறகு அவளிடம் திரும்பினார்.

“முகம் எவ்வளவு நாளா இப்படி இருக்கு?”

“மூணு வருஷமா டாக்டர். அவருக்கு என்னைப் பிடிக்கல. அதான் டோபமைன் குறைஞ்சு போச்சு.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். “பிடிக்கலைன்னு யார் சொன்னது?”

“டோபமைன்னா சந்தோஷம்தானே? புத்தகத்துலயே இருக்கு.”

“ஒரு நரம்பணு இன்னொண்ணுக்குச் சேதி கடத்தறதுக்கு மூளையில சில பொருள் இருக்கும்மா. நரம்பியக்கடத்தின்னு சொல்லுவோம். டோபமைன் அதுல ஒண்ணு. கை தூக்கறது, கால் எடுத்து வைக்கிறது, எழுதறது, இதுக்கெல்லாம் அது வேணும். மூளையில அசைவைப் பாத்துக்கிற இடத்துல அது இவருக்குக் குறைஞ்சு போச்சு. நடை மெதுவாகும், எழுத்து சிறுத்துப் போகும், முகம் அசையாது. உள்ள சிரிப்பு வரும். முகத்துக்கு வந்து சேராது. மாத்திரை இருக்கு, ஓரளவு சரியாகும். யாரோ பாதியை மட்டும் எழுதி வச்சிருக்காங்க.”

அந்த யாரோ யார் என்று அவளுக்கு அந்த நாற்காலியிலேயே நினைவு வந்தது. அந்தக் கலைச்சொல் பட்டியலை எழுதிய பேராசிரியர் டோபமைனுக்கு மூன்று வரி கொடுத்திருந்தார். ‘நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள், உடல் அசைவுக்கு இன்றியமையாதது, ஊக்கம், மகிழ்ச்சி ஆகியவற்றோடும் தொடர்புடையது.’ பக்கம் அமைக்கிறவர் வந்து, “அக்கா, ரெண்டு வரி வழியுது, எங்கயாவது வெட்டுங்க” என்றார். பிள்ளைகளுக்குப் பிடித்தது மகிழ்ச்சிதானே என்று, மற்றதையெல்லாம் ஒரே கோட்டில் அடித்தவள் அவள். ஒரு பிழையும் இல்லாத பக்கம் என்று அன்று பெருமையாகக் கையெழுத்தும் போட்டாள். அடித்த வரிகளுக்குள்தான் அவள் கணவர் இருந்தார்.

வராந்தா பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, நான் பேசும்போதெல்லாம் உங்களுக்குச் சிரிப்பு வந்துச்சா?”

“வராம? அரசர் மேல யானை ஏறினதுக்குக் வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிச்சேனே.”

“சிரிச்சீங்களா?”

“ஏன், நான் சிரிக்கலையா?” அவர் குரல்தான் திடுக்கிட்டது, முகம் இருந்தபடியே இருந்தது. “நான் சிரிச்சா நீ உடனே முகத்தைத் திருப்பிக்கிட்டு எழுந்து போயிடுவ. என் சிரிப்பே உனக்கு ஆகாமப் போச்சுன்னு நெனச்சேன். அதான் நீ போறேன்னதும் சரின்னேன்.”

நான் மூன்று வருடமாக இந்த மனிதரின் சிரிப்புக்கு முதுகைக் காட்டியிருக்கிறேன் என்று நினைத்தாள். அவருடைய கையைப் பிடித்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

“நான் எங்கயும் போகல. ஆனா உங்க முகத்தைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. இனிமே சிரிப்பு வந்தா வாயால சொல்லிடுங்க” என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

“சிரிக்கிறேன்” என்றார்.