தப்பாகத் திரும்பிய பெண்

பிராகுக்குக் கிளம்பிய ஓய்வூதியர் சங்கப் பேருந்தில் மிலாதாவும் ஏறியதைப் பார்த்ததும் போஷெனா இறங்கிவிடலாமா என்று பார்த்தாள். ஒருநாள் சுற்றுலா. கோட்டை, பாலம், கடிகாரம். எல்லார் பையிலும் ரொட்டிக்கு நடுவே வைத்த பொரித்த இறைச்சி. கடைசியாக ஸ்ட்ராஹோவ் மைதானம். அதைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தது போஷெனாவின் கணவர் வென்டலின்.

காரணம் ஊருக்கே மனப்பாடமான கதை. 1965இல் அந்த மைதானத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்து இசைக்கேற்ப உடற்பயிற்சி செய்துகாட்டினார்கள். எல்லாரும் வலப்பக்கம் திரும்ப, ஒருத்தி மட்டும் இடப்பக்கம் திரும்பினாளாம். நிகழ்ச்சி முடிந்ததும், பார்க்க வந்திருந்த வென்டலின் வாசலில் போய் நின்று, "தப்பாத் திரும்பினது நீதானே?" என்று கேட்க, போஷெனா "ஆமா" என்றாள். பையன் அழகாக இருந்தான், வேறென்ன சொல்வாள்! உண்மையில் தப்பாகத் திரும்பியவள் வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் நின்ற மிலாதா. எங்கெங்கோ வாழ்ந்துவிட்டு, போன மாதம்தான் அவள் இந்த ஊருக்குக் குடிவந்திருந்தாள். அந்தக் கதையை வென்டலின் சொல்லாத கல்யாண விருந்தில்லை, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளில்லை. பொய்யென்று தெரிந்தால் மனுஷர் உடைந்துபோவாரே!

நாள் முழுக்க போஷெனா கணவருக்கும் மிலாதாவுக்கும் நடுவிலேயே நடந்தாள். கோட்டையில் என்ன பார்த்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மைதானத்துப் படிகளில் புல் மண்டிக் கிடந்தது. கீழே யாரோ பந்து விளையாடினார்கள். அன்றைய மணல், அவரவர் நிற்கத் தரையில் பதித்திருந்த அடையாளங்கள், இசை தொடங்குமுன் பொங்கிய பெருமை எல்லாம் நினைவுக்கு வந்து போஷெனாவுக்குக் கண் கலங்கியது. எவ்வளவு நல்ல வயது அது! அதற்குள் வென்டலின் கதையை ஆரம்பித்துவிட்டார்.

"ஐயையோ, அது நானாச்சே!" என்று மிலாதா கத்தினாள். "டீச்சர் திட்டினது இன்னும் காதுல இருக்கு. இவ ஒழுங்காத்தான் திரும்பினா!"

போஷெனா கணவரின் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நான் நின்னது உச்சிப் படியில. அங்கேருந்து யாரு எந்தப் பக்கம் திரும்பினான்னு எவனுக்குத் தெரியும்? இத்தனை ஆயிரம் பேர்ல ஒருத்தியாவது தப்பு பண்ணியிருப்பாள்ல? வாசல்ல வந்தவளையெல்லாம் அதையேதான் கேட்டேன். எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனாளுங்க."

"அப்ப என்னையும் சும்மாத்தான் கேட்டியா?"

"சும்மாத்தான் கேட்டேன். நீதான் ஆமான்னு சொல்லிட்டு, உங்க பஸ்ஸு போறதைக்கூடப் பாக்காம நின்னியே. அப்புறம் எவளைக் கேக்கறது?"

"இத்தனை வருஷமா என்னைப் பயத்துல வச்சிருந்தியே, பாவி மனுஷா!" என்று அவர் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.