கம்பளியில் முளைத்த கொடிகள்

வட்டமாகத் தொடங்குகிற நூல் எப்படிச் சதுரமாக முடிகிறது? மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், அரிசி கிடைக்காமல் ஊரெல்லாம் மரவள்ளிக்கிழங்கைப் பற்றிக் கவலைப்பட்டபோது, நான் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துவிட்டு வந்ததும் மனைவியின் எதிரே குந்திக்கொண்டு, பின்னுகிற அவள் கையையே பார்ப்பேன்.

சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில், கூலிகளுக்கான லயத்தில் இருந்தோம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் பங்களாவைப் போட்டுவிட்டு ஓடிய துரையம்மா, அங்கே ஆயாவாக இருந்த என் மனைவிக்கு இரண்டு கம்பளிச் சட்டைகளை விட்டுப் போயிருந்தாள். பெரியது வெள்ளை, சிறியது சிவப்பு. எங்களுக்குப் பிள்ளை பிறக்கவிருந்ததோ மழை மாதம். போர்த்துவதற்குக் கடையில் துணி கிடையாது. அவள் பிள்ளைக்குக் கம்பளி பின்ன, சட்டைகளைப் பிரித்து நூலாக உருட்டினாள். சைக்கிள் கம்பியை வளைத்துக் கொக்கி ஊசி செய்து கொடுத்தவன் நான். அதனால் கம்பளியில் பாதி என்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூலையின் ரகசியம் எளிது. திரும்ப வேண்டிய இடத்தில் ஒரே ஓட்டைக்குள் இரட்டிப்பாகப் பின்னினாள். இடம் போதாமல் நூல் நெருக்கியடித்து வெளியே துருத்தியது. அதுதான் மூலை.

இப்படிக் கட்டம் கட்டமாக அடுக்கி வைத்திருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரன் பார்த்தான்.

“மச்சான், வெள்ளைக்கு நடுவுல சிவப்பு உருண்டை. ஜப்பான் கொடி லா இது!”

“கம்பளிடா.”

“இதுமேல ஒம்புள்ள மூத்திரம் பேஞ்சா தல ஒனக்குத்தான் போவும்.”

அதற்குப் பிறகு என் கண்ணுக்குக் கம்பளி தெரியவில்லை. கொடிதான் தெரிந்தது.

“சிவப்ப வெளியில போடேன்,” என்று மனைவியிடம் கெஞ்சினேன்.

“சிவப்பு சின்னச் சட்டைங்க. சுத்திப் போட நூல் எங்க இருக்கு? பயமா இருந்தா கண்ண மூடிக்கிட்டுப் போத்திக்குங்க.”

தற்காப்புக்காக மலாயில் ஒரு வாக்கியம் தயாரித்தேன். பெண்டேரா என்றால் கொடி. ‘புக்கான் பெண்டேரா’ என்றால் கொடி அல்ல. மரத்துக்கு மரம் சொல்லிப் பழகினேன்.

ஒருநாள் லயத்தைச் சோதிக்க ஒரு ஜப்பான் சிப்பாய் வந்தான். எங்கள் வீட்டில் மனைவி பாதி இணைத்த கம்பளியை மடியில் வைத்திருந்தாள்.

“இனி அப்பா?” என்று கம்பளியைக் காட்டினான்.

மலாயில் ‘இது என்ன’ என்று கேட்டிருக்கிறான். நிறைமாதக்காரியின் புருஷன் காதில் அது தமிழாக விழுந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகு சுதாரித்துக்கொண்டு என் வாக்கியத்தை எடுத்துவிட்டேன். பயத்தில் ‘புக்கான்’ தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“பெண்டேரா!” என்றேன், சத்தமாக.

அதுவரை கம்பளியைப் பார்த்தவன் அப்போதுதான் கொடிகளைப் பார்த்தான். ஒவ்வொன்றாக விரலால் தொட்டான். நான் என் தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மனைவி மட்டும் எழவில்லை. இது பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கம்பளி, என் புருஷனுக்குப் பயம் வந்தால் வாய் தன்னால் பேசும் என்று நிதானமாக மலாயில் சொன்னாள்.

சிப்பாய் என்னைப் பார்த்தான். அவள் வயிற்றைப் பார்த்தான். பிறகு குந்தி உட்கார்ந்து, இணைக்காத கட்டம் ஒன்றை எடுத்து, வட்டத்திலிருந்து மூலை வரை நூலை விரலால் தொடர்ந்தான். மூலையில் நின்று, திருப்பிப் பார்த்தான். மறுபடியும் திருப்பினான். அவள் ஊசியை எடுத்து ஒரு மூலையை மெதுவாகப் பின்னிக் காட்டினாள். “ஓ!” என்றான். மூலையின் ரகசியம் புரிந்தபோது நான் சொன்ன அதே ‘ஓ’.

அந்தக் கட்டத்தைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

தலை தப்பியது. ஆனால் ஒரு கட்டம் குறைந்தது. நூலும் தீர்ந்துவிட்டது. மனைவி ஒரு கோணிச்சாக்கைப் பிரித்துச் சணலிலேயே குறைந்த கட்டத்தைப் பின்னி, ஓரத்தில் இணைத்தாள்.

“இது உங்க பக்கம். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காததுக்கு.”

அந்த மழை மாதம் முழுக்கப் பிள்ளை கதகதப்பாகத் தூங்கியது. நான் சணல் குத்திய கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தேன்.