கடைசி வீட்டுக் குரல்

மல்லாவியிலிருந்து உள்ளே வரும், கிறவல் மண் போட்ட சின்ன ஒழுங்கையில் எங்களுடையது கடைசி வீடு. வேலிக்கு அப்பால் காடுதான். அதனால் எனக்கு ஒரு வேலை உண்டு. யாரும் தந்த வேலை இல்லை, சம்பளமும் இல்லை. யானை வெளியே வந்தால் முதலில் கூப்பிட வேண்டியவள் நான். நான் "கூ" என்று கூப்பிட்டால் அடுத்த வளவு அக்கா கூப்பிடுவா, அவவுக்கு அடுத்த வீடு கூப்பிடும், அப்படியே தார் ரோட்டு வரைக்கும் போகும். அது கேட்டால் ஒழுங்கையில் வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள். கேட்காவிட்டால் பாதை சரி என்று வருவார்கள். தகரம் அடிக்கிற சத்தத்துக்கு ஒருவரும் நிற்பதில்லை. அது குரங்கைக் கலைக்க அடிப்பது. நாள் முழுக்க ஏதாவது ஒரு வளவில் தகரம் அடிபட்டுக்கொண்டேதான் இருக்கும்.

என் தொண்டையை வைத்து வீட்டில் எப்போதும் பகிடிதான். "இவள் கூப்பிட்டா யானை மட்டுமில்லை, நானும் காட்டுக்குள்ள ஓடவேணும்" என்பார் கணவர்.

அந்தத் தொண்டை போன அறுவடையோடு அடைத்துவிட்டது. நெல்லுத் தூசியில் பிடித்த தடிமன். முதலில் மூக்கால் ஓடியது, பிறகு காது அடைத்தது. கடைசியில் ஒருநாள் காலையில் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்க வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. "இண்டைக்குத்தான் வீடு வீடா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் நெல்லோடு மில்லுக்குப் போனார். மகள் பள்ளிக்கூடம் போனாள். பள்ளிக்கூடம் விட்டு, ரியூசன் முடித்து, பொழுதுபடுவதற்குள் சைக்கிளில் வந்துவிடுவாள்.

தனியாகத் தடிமனோடு கிடப்பது எனக்குச் சரிவராத காரியம். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தேன். பாயில் படுத்தால் மூக்கு அடைத்தது, எழும்பி இருந்தால் தலை சுற்றியது. போனைப் பார்த்தேன், கண்ணால் தண்ணீர் ஓடியது. முற்றத்தில் கோழி ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடியது. அது கொக்கரிப்பது எனக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் முதல் பயம் வந்தது. யானை வந்தால் அதன் மணம்தான் முதலில் வரும், பிறகு தடி முறிகிற சத்தம் வரும். இன்றைக்கு இரண்டும் எனக்கு இல்லை. பகலில் எங்கே வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா எழும்பிப் போய் யன்னலால் காட்டைப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

பின்னேரம் குசினி அடுப்பில் நொச்சியிலை அவித்து வேது பிடித்தேன். பானைக்கு மேலே குனிந்து, போர்வையால் மூடிக்கொண்டு, வேர்க்க வேர்க்க இருந்தேன். மூக்கு கொஞ்சம் திறந்த மாதிரி இருந்தது. போர்வையை விலக்கி முகம் துடைத்துக்கொண்டு குசினி யன்னலால் பார்த்தால், வேலிப் படலைக்குப் பக்கத்தில் நின்ற வாழைகள் சரிந்து கிடந்தன. நடுவில் யானை நின்றது. கூட்டம் சேராத தனியன். வாழைக்குருத்தை உரித்து ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தது.

வெயில் சரிந்துவிட்டிருந்தது. மகள் வருகிற நேரம்.

யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். சத்தமே இல்லை. திரும்பவும் கூப்பிட்டேன். தொண்டைக்குள் ஏதோ கிழிந்த மாதிரி நொந்தது, அவ்வளவுதான். பக்கத்து அக்காவுக்குப் போன் எடுத்தேன். போனைக் காதோடு அழுத்தினால்தான் கொஞ்சம் கேட்டது. "ஹலோ, ஆர் கதைக்கிறது? கதையுங்கோவன்" என்றா. நான் மூச்சாலே "யானை, யானை" என்றேன். "ஒண்டும் கேக்கேல்லை, வையுங்கோ" என்று வைத்துவிட்டா. மறுபடி எடுத்தேன். அவ எடுக்கவில்லை. மகளிடம் போன் இல்லை. ஒழுங்கை ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது. அந்த அமைதி என் பிள்ளையைப் பார்த்து வா, பயமில்லை, வா என்று சொல்லிக்கொண்டிருந்தது.

வேறு வழி தெரியவில்லை. வாசலில் தொங்கிய தகரத்தை எடுத்து அகப்பைக்காம்பால் அடித்தேன். யானை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. விடாமல் அடித்தேன். அது காட்டுக்குத் திரும்பும் என்று நினைத்தேன். திரும்பவில்லை. வேலியை மிதித்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கி, மகள் வருகிற பக்கமாகவே விறுவிறென்று நடந்தது.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. தகரத்தைப் போட்டுவிட்டு யானைக்குப் பின்னால் ஓடினேன். வளைவு திரும்பும்போது பக்கத்து அக்கா கூப்பிடுவது அடைத்த காதுக்கும் கேட்டது. அது யானையைக் கண்டு கூப்பிடுகிற சத்தமா, என் பிள்ளைக்காகக் கத்துகிற சத்தமா என்று தெரியவில்லை. ஒழுங்கையின் நடுவே சைக்கிள் கிடந்தது. முன்சில்லு நெளிந்து, பள்ளிக்கூடக் கொப்பிகள் கிறவலில் பரவியிருந்தன. யானையும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்த இடத்தில் என் கால்கள் நின்றுவிட்டன. பக்கத்துப் பற்றைக்குள் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"பிள்ளை, இஞ்ச வா. உன்ர மகள் சைக்கிளைப் போட்டுட்டு இஞ்ச ஓடி வந்திட்டாள்" என்று அக்கா தன் படலையில் நின்று கையைக் காட்டினா. "யானை குளத்துப் பக்கம் போயிட்டுது. நீ கெதியா உள்ளுக்கு வா."

மகள் அவவின் குசினியில் நிலத்தில் இருந்தாள். முழங்கால் உரிந்திருந்தது, வேறு காயம் இல்லை. நான் அவளைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

"வளைவில நிண்டு பாத்தனான் அம்மா. நீங்கள் கூப்பிடேல்லை. தகரம்தான் அடிச்சீங்கள். குரங்கெண்டு நினைச்சு வேகமா சைக்கிள் ஓடி வந்தன். உங்களுக்கு ஏலாதே, குரங்கு கலைக்க உதவி செய்வம் எண்டு."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.