ஈர விரல்

விரலைத் தண்ணீரில் நனைத்து, தேரையின் தாடைக்கடியில் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் தீனியம்மா. பக்கத்திலிருக்கும் கல் எது, தேரை எது என்றே தெரியவில்லை. வெகுநேரம் கழித்து விரல்நுனியில் ஏதோ மெல்ல முட்டுகிறது. "இருக்கியா? சரி, இரு" என்று கண்ணாடித் தொட்டியை மூடுகிறாள்.

ஆராய்ச்சிக்கூடத்துப் பிராணிகளுக்குத் தீனி வைப்பது அவள் வேலை; பெயரும் அப்படி வந்ததுதான். கல்லுக்குள் தேரைக்கும் கடவுள் படியளப்பார் என்பார்கள். இங்கே அவர் அந்தப் பொறுப்பை இவள் தலையில் கட்டிவிட்டார். குளிரூட்டிய அறையின் ஒரு பக்கம் மலையுச்சியிலிருந்து வந்த அபூர்வத் தேரைகள். எதிர்ப்பக்கம், படித்தவர்களே அதிகம் கேள்விப்படாத ஒருவகை மூஞ்சூறு. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வேளைத் தீனி தவறினால் உயிர் போய்விடும்.

"மூஞ்சூறு செத்தா செத்ததுதான், சந்தேகமே வேணாம். தேரை அப்படியில்ல. எங்கேயோ போயிட்டுத் திரும்பி வரும்" என்பாள். சொல்லும்போது குரல் தாழும். ஒருமுறை, செத்துவிட்டதென்று ஒரு தேரையைப் பதப்படுத்தும் ஜாடிக்குள் போட்டு மூடினாள். மூடி இறுகிய பிறகு அது கண்ணைத் திறந்து அவளையே பார்த்தது. திறந்து எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கண் மட்டும் மூடவில்லை. ஜாடி இன்னும் அலமாரியில் இருக்கிறது. அவளுக்குப் பயம் விடவில்லை. அந்தப் பக்கம் முதுகைக் காட்டமாட்டாள்.

மனிதர்களையும் இப்படித்தான் பிரிப்பாள். பெரிய அதிகாரி தேரை. மகள் தேரை. புருஷன்? "ஐயோ, அவரு சுத்த மூஞ்சூறு! தட்டுல கை வைக்கறப்பவே செருப்பைத் தேடுவாரு." பஸ் கண்டக்டர் அவர். படுத்திருக்கும்போதும் கால் ஆடும், கட்டில் கிறீச்சிடும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

இன்று பகலில் கட்டில் சத்தமில்லாமல் இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் போய் நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார். நாத்தனார் சுவரில் சாய்ந்து அழுகிறாள். கொழுந்தன் ஆட்களோடு வாசலில் நிற்கிறார். மகள் வந்து தோளைத் தொடுகிறாள்.

"அம்மா, எல்லாரும் காத்திருக்காங்கம்மா. தூக்கணும்."

"நான்தான் தப்பா சொல்லிட்டேனோ என்னவோடி. இவரும் தேரையா இருக்கலாம். கொஞ்சம் பொறுங்க."

டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து, அவர் தாடைக்கடியில் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.