சைரனுக்குப் பதில் தனக்கொடி

பிரான்சிலிருந்து மூலக்குளத்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு கவலை எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருக்கும்: மோட்டார் ஓடுமா, பூட்டு திறக்குமா. மீன் விற்கும் தனக்கொடிக்கு அந்தத் தொல்லை கிடையாது; அவளுக்கு முன்னால் வந்து நிற்பது அவள் குரல்தான். பிள்ளைச்சாவடியிலிருந்து மொபெட்டில் மீன் பெட்டியோடு வருவாள். முனையில் நின்று சங்கரா, நெத்திலி என்று ஆரம்பித்தால் மூன்றாவது தெருவில் பாத்திரம் எடுப்பார்கள். கொஞ்சம் மெதுவாகக் கூவக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். மெதுவாகச் சொன்னால் மீன் பழசு என்று நினைப்பார்களாம்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, அவள் தம்பி மகள் நான்கு வயது அபிக்கு இருமல் குரைப்பதுபோல வந்தது. மூச்சை இழுத்தால் விசில் சத்தம். பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் மருந்து கொடுத்து, குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். பிள்ளையை அழ மட்டும் விடாதீர்கள், அழுதால் மூச்சு இன்னும் அடைக்கும் என்றார் டாக்டர். கூட ஒருவர்தான் ஏறலாம். தாய் அன்புசெல்வி ஏறிக்கொண்டாள். நர்ஸ் வரலட்சுமியிடம் வாதாடிப் பார்த்துத் தோற்ற தனக்கொடி, மொபெட்டில் பின்னாலேயே வந்தாள்.

டிரைவர் விமல்ராஜ் சைரனைப் போட்டதும் அபி வீறிட்டாள். விசில் சத்தம் கூடியது. வரலட்சுமி கண்ணாடியைத் தட்டிச் சைரனை நிறுத்தச் சொன்னாள். அழுகை விசும்பலாக அடங்கியது. ஆனால் சாலையிலேயே தார்ப்பாய் விரித்துக் கடை போடும் சண்டே மார்க்கெட் கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொண்டது. சைரன் போடாத ஆம்புலன்ஸ் காலியாகப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஹார்னுக்கும் பிள்ளை நடுங்கினாள்.

ஏன் நிற்கிறாய் என்று சண்டைக்கு வந்த தனக்கொடியிடம் விமல்ராஜ் விஷயத்தைச் சொன்னான். அவள் மொபெட்டை முன்னால் விட்டுக் கூவ ஆரம்பித்தாள்.

"நவுரு, நவுரு. பின்னால புள்ளைக்கு மூச்சு வாங்குது, வழிய வுடு. யண்ணே, அந்தப் பனியனுக்கு அப்பறமா பேரம் பேசு. மொதல்ல வண்டிய எடு."

பனியனுக்குப் பேரம் பேசியவர் வண்டியை எடுத்தார். தார்ப்பாய்கள் சுருண்டன. இந்தச் சத்தத்துக்கும் அழுவாளோ என்று அன்புசெல்வி பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். அபிக்கு அது தொட்டிலில் கிடந்தபோதே கேட்டுப் பழகிய சத்தம்.

"அத்த மீன் விக்குது" என்று ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் சொல்லிவிட்டுத் தாயின் மேல் சாய்ந்துகொண்டாள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மதியத்துக்குள் விசில் சத்தம் நின்றது. குழந்தைகள் டாக்டர் கமலக்கண்ணன் வெளியே வந்து, பிள்ளைக்கு இனி பயமில்லை என்றார். தனக்கொடி என்னவோ கேட்க வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

"தொண்டை போயிடுச்சா? இங்க சின்னப் புள்ளைங்களத்தான் பாப்போம்மா. நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

தனக்கொடி உடம்பு குலுங்கச் சிரித்தாள், சத்தமே இல்லாமல். அத்தை ஏதோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்து, திறந்த கதவு வழியே கட்டிலிலிருந்து பார்த்த அபியும் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள்.